பெயர் வேறு, மருந்து ஒன்று

அந்தக் கட்டுரையில் என்னுடையது அல்லாத ஒன்று உண்டென்றால், அது அதன் மேல் அச்சாகியிருந்த பெயர் மட்டும்தான்.

நாளிதழின் குன்னூர் அலுவலகத்தில் அப்போது நாங்கள் இருவர். அவர் மூத்த நிருபர், நான் அவருக்குக் கீழே. அந்த மழைக்காலத்தில் என் மனைவிக்குச் சளியும் காய்ச்சலும் வந்தன. காலையில் சளி மாத்திரை போட்டாள். மதியம் வெந்நீரில் கரைக்கும் சளிப் பொடியைக் குடித்தாள். சாயங்காலம் உடம்புவலிக்கென்று இன்னொரு மாத்திரை. இரண்டு நாள் இப்படியே போனது. மூன்றாம் நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை, எழுந்து நிற்கவும் முடியவில்லை. மருத்துவர் மூன்று அட்டைகளையும் மேசையில் கவிழ்த்துப் போட்டு, பின்பக்கத்துச் சின்ன எழுத்தை எனக்குக் காட்டினார். மூன்றிலும் பாராசிட்டமால் இருந்தது. இன்னும் சில நாள் தொடர்ந்திருந்தால் கல்லீரலில் போய் நின்றிருக்கும் என்றார். பத்திரிகையில் வேலை பார்க்கிற நான் அந்தச் சின்ன எழுத்தைப் படித்திருக்கவில்லை.

அவள் தேறியதும் கட்டுரையை எழுதினேன். மருந்துக் கடைகளில் நின்று டப்பாக்களைத் திருப்பிப் பார்த்தேன். மருத்துவரிடம் மறுபடி மறுபடி போய்ச் சரிபார்த்தேன். 'பெயர் வேறு, மருந்து ஒன்று' என்று தலைப்பு வைத்து மூத்தவரிடம் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை அது வெளிவந்தது. ஒரு காற்புள்ளிகூட மாறவில்லை. பெயர் மட்டும் அவருடையது.

திங்கட்கிழமை கேட்டேன்.

"ஏப்பா, ஆபீஸ்ல இருந்து போறது எல்லாம் ஆபீஸோடதுதானே. உன் பேரப் போட்டா யாரு படிப்பாங்க?" என்றார். பிறகு டீ சொல்லச் சொன்னார்.

கட்டுரை மலையெங்கும் சுற்றியது. வாட்ஸ்ஆப்பில் வந்தது. மருந்துக் கடைக் கண்ணாடிகளில் ஒட்டினார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து அவரைப் பாராட்டிப் பேசினார்கள். போனை ஸ்பீக்கரில் போட்டு என்னையும் கேட்க வைத்தார். காத்திருக்க முடிவு செய்தேன். எதற்கு என்று அப்போது தெரியாது.

சில வாரங்களில் ஒன்றைக் கவனித்தேன். வாசகர்கள் போனில் சந்தேகம் கேட்டால் அவர் தரும் பதில் எப்போதும் ஒன்றுதான்: "எல்லாம் அதுலயே இருக்குங்க. படிச்சுப் பாருங்க." ஒருமுறைகூட அதில் என்ன இருக்கிறது என்று அவர் சொல்லிக் கேட்டதில்லை. தன் பெயரில் வந்த கட்டுரையை அவர் படிக்கவே இல்லை என்ற சந்தேகம் எனக்கு வந்தது. அந்தச் சந்தேகத்தை யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொண்டேன்.

சில மாதம் கழித்து, அரவேணு பக்கத்து எஸ்டேட் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. சர்ச் ஹாலில் பெண் தொழிலாளர்களுக்குக் கூட்டம்; சளி மருந்துகளைப் பற்றி அவர் பேச வேண்டும். படம் எடுக்க நான். அன்றைக்குப் பார்த்து அவருக்கே சளி. ஜீப்பை வழக்கம்போல அவரே ஓட்டினார்; ஸ்டியரிங்கை யாரிடமும் தரமாட்டார். வழியெல்லாம் தும்மல்.

"ஊட்ல பொடி ஒண்ணு கலக்கிக் குடிச்சுட்டுத்தான் வந்தேன். கேக்கல பாரு," என்றார்.

அரவேணு கடைவீதியில் வண்டியை நிறுத்தி, மருந்துக் கடையில் சளி மாத்திரையும் இருமல் டானிக்கும் வாங்கினார். கடையின் பக்கக் கண்ணாடியில் எங்கள் கட்டுரை ஒட்டியிருந்தது. அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று சில்லறை எண்ணினார்.

எஸ்டேட்டுக்குப் போய் இறங்கியதும், ஹாலுக்குப் பின்னால் நின்று மாத்திரையை விழுங்கினார். டானிக்கை மூடியில் அளக்காமல் பாட்டிலோடு சாய்த்தார். பிறகு இரண்டையும் என் கையில் கொடுத்தார். நான் பின்பக்கம் திருப்பிப் படித்தேன். மாத்திரையில் பாராசிட்டமால். அவர் வீட்டில் குடித்த பொடியிலும் அதே இருக்கும்; கட்டுரைக்காக நான் பார்த்த சளிப் பொடி எல்லாவற்றிலும் இருந்தது. மூக்கு ஒழுகலை நிறுத்தித் தூக்கத்தைக் கொண்டுவரும் மருந்து பொடியில், மாத்திரையில், டானிக்கில், மூன்றிலும். இந்த ஒரு வேளையில் ஆள் சாய்ந்துவிட மாட்டார். வாய் உலரும், தலை கனக்கும், கண் சொருகும்.

அதைச் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. அட்டையை அவரிடமே திருப்பிக் கொடுத்து, "உள்ள போலாங்களா சார்?" என்று மட்டும் கேட்டேன்.

பறித்த தேயிலையை எடை போட்டுவிட்டுப் பெண்கள் நேராக வந்திருந்தார்கள். ஹால் முழுக்க ஈரத் துணியின் வாடை. வரவேற்ற ஆசிரியை கட்டுரையை வானளாவப் புகழ்ந்தார். மூத்தவர் கைகூப்பி எழுந்து, பேச்சை மலையின் குளிரில் தொடங்கி, பழைய கால உடம்பின் வலிமைக்குப் போய், அங்கேயே சுற்றினார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டத் தொடங்கியிருந்தது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். நான் அதைப் படம் எடுத்தேன்.

முன்வரிசையில் ஒரு சின்னப் பெண், மடியில் மூக்கொழுகும் குழந்தை. அவள்தான் முதலில் கேட்டாள்.

"ஏனுங்க சார், இவனுக்கு ஒண்ணரை வயசாச்சுங்க. சளி கட்டி ராவெல்லாம் தூங்க மாட்டேங்கறான். ஊட்டுல எங்க ஊட்டுக்காரர் குடிக்கற டானிக் கெடக்குது. அதுல பாதி ஸ்பூன் ஊத்தலாமுங்களா?"

"தாராளமா ஊத்தும்மா. பெரியவங்களுக்கு முழுசு, சின்னதுக்குப் பாதி. அவ்வளவுதான் கணக்கு. தூக்கமும் நல்லா வரும்."

இரண்டாம் வரிசையில், சிலோனிலிருந்து வந்த குடும்பத்து அம்மா ஒருவர் குரல் கொடுத்தார். "பேப்பர்ல நீங்க வேற மாதிரியில்ல எழுதியிருந்தீங்க சார்? பெரியாளு மருந்த புள்ளைக்குக் குடுக்க ஏலாதுன்னு."

"பத்திரிகைக்கு அப்படித்தாம்மா எழுதணும். பயமுறுத்தினாத்தான் படிப்பாங்க. நானே இப்ப மாத்திரையும் டானிக்கும் சேத்துப் போட்டுட்டுத்தான் வந்தேன். கம்பெனி வேற வேற, ஒண்ணும் பண்ணாது. நல்லா நிக்கிறேனா இல்லியா?"

"எங்க நிக்கிறீங்க? மேசையில்ல உங்கள நிப்பாட்டி வெச்சிருக்கு," என்றார் அந்த அம்மா. ஹால் சிரித்தது.

குழந்தையின் தாய் சிரிக்கவில்லை. "சரிங்க சார், போயி இன்னிக்கே குடுத்துப் பாக்கறேன்," என்றாள்.

குழந்தைக்காக எழுந்தேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். அவள் "இன்னிக்கே" என்றதும் எனக்குள் ஏதோ பதறியது உண்மைதான். ஆனால் என் கால்களை எழுப்பியது அது மட்டுமல்ல. "பத்திரிகைக்கு அப்படித்தான் எழுதணும்" என்ற வாக்கியமும்தான். என் மனைவி எழுந்து நிற்க முடியாமல் கிடந்ததிலிருந்து வந்த கட்டுரை அது.

கேமராவை நாற்காலியில் வைத்தேன்.

"சார் தன்னடக்கமா பேசறாருங்க. சார் எழுதினதையே நான் சொல்றேன்."

எனக்கு அது மனப்பாடம். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் 'சார் எழுதியிருக்காரு' என்று சேர்த்துக்கொண்டேன்.

"பெரியவங்க மருந்தக் கொறச்சுக் கொழந்தைக்குக் குடுக்கவே கூடாதுன்னு சார் எழுதியிருக்காரு. இவ்வளவு சின்னக் கொழந்தைக்கு சளி டானிக்கே டாக்டர் சொல்லாம கூடாதுன்னு எழுதியிருக்காரு. தூங்க வெக்கறதுக்காக எந்த மருந்தும் குடுக்கக் கூடாதுன்னு எழுதியிருக்காரு. அட்டைல பேரு வேற வேறயா இருக்கும், உள்ள மருந்து ஒண்ணா இருக்கும், அதனால ரெண்டு சளி மருந்த ஒண்ணாப் போடக் கூடாதுன்னு தலைப்புலயே எழுதியிருக்காரு. வீட்டு ஸ்பூன்ல ஊத்தாம பாட்டிலோட வர்ற மூடில அளக்கணும், பிரஷர் இருக்கறவங்க கேட்டுட்டுத்தான் போடணும், இதப் போட்டுட்டுக் குடிக்கக் கூடாது. எல்லாம் சார் எழுதினதுதாங்க."

சிலோன் அம்மா பக்கத்திலிருந்தவளிடம் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "தம்பிக்கு மனப்பாடம். எழுதினவருக்குத்தான் மறந்துபோச்சி."

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அதற்காகத்தானே இத்தனை மாதம். அவர் உட்கார்ந்துவிட்டிருந்தார். உதடு வெளுத்து உலர்ந்திருந்தது. கோபப்படக்கூட அவருக்குத் தெம்பில்லை. "தண்ணி," என்றார். ஆசிரியை ஓடினார்.

"அப்ப இவனுக்கு என்னதாங்க பண்றது?" குழந்தையின் தாய் இப்போது என்னைக் கேட்டாள்.

"மூக்குல விடற உப்புத்தண்ணிச் சொட்டு மருந்து கடைல கிடைக்குங்க. பாலும் தண்ணியும் அடிக்கடி குடுங்க. காலையில ஆஸ்பத்திரில காட்டிருங்க. மூச்சு வேகமா வாங்கினாலோ, குடிக்க மாட்டேன்னாலோ காலைவரைக்கும் பாக்காதீங்க, உடனே கூட்டிட்டுப் போங்க. அந்த டானிக் மட்டும் வேண்டாம்."

"ஊத்த மாட்டேனுங்க," என்று சொல்லிக் குழந்தையின் மூக்கைத் துடைத்தாள்.

வெளியே தூறல். அவர் ஜீப்பின் வலப்பக்கக் கதவைத் திறக்கப் போனார். சாவி துவாரத்தில் நுழையாமல் இரண்டு முறை நழுவியது. பெண்கள் ஹால் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கையை நீட்டினேன்.

"தூக்கம் வர்ற மருந்தப் போட்டா வண்டி எடுக்கக் கூடாது சார். நீங்க எழுதினதுதான்."

மெதுவாகச் சொல்லியிருக்கலாம். படிவரை கேட்கும்படி சொன்னேன். அவர் சாவியைக் கொடுத்துவிட்டுச் சுற்றி வந்து இடப்பக்கம் ஏறினார். அந்த ஸ்டியரிங்கை நான் தொட்டது அன்றைக்குத்தான். முதல் வளைவுக்குள் அவர் தலை கண்ணாடியில் சாய்ந்துவிட்டது. வாய் திறந்திருந்தது. வளைவுகளில் தலை இடித்தது. நான் வேகத்தைக் குறைக்கவில்லை. ஏற்கெனவே மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அரவேணு வெளிச்சம் பட்டதும் விழித்தார். சட்டைப்பையைத் தடவி மாத்திரை அட்டையை எடுத்தார். அதையே சிறிது நேரம் பார்த்தார்.

"ஏப்பா," என்றார். குரல் கரகரத்தது. "அடுத்த மாத்திரை எப்பப் போடலாம்? அதுல என்ன எழுதியிருந்தே?"

எழுதியிருந்தே. அந்த ஒரு சொல்லைத்தான் நான் மாதக்கணக்கில் காத்திருந்து கேட்டேன். வேறு யார் காதிலும் விழவில்லை, அச்சிலும் வராது. நல்லவனாக இருந்தால் அத்தோடு விட்டிருப்பேன்.

மருந்துக் கடைக்கு எதிரில் ஜீப்பை ஓரம் கட்டினேன்.

"எல்லாம் அதுலயே இருக்குங்க சார். படிச்சுப் பாருங்க."

என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு இறங்கித் தூறலில் சாலையைக் கடந்தார். ஒட்டியிருந்த தாளில் மழை இறங்கிச் சின்ன எழுத்துகள் மங்கியிருந்தன. அவர் கடைக் கண்ணாடியில் மூக்கு படும் அளவுக்குக் குனிந்து, மேலே பெரிதாக இருந்த தன் பெயரைத் தாண்டி, முதல் வரியில் விரலை வைத்துப் படிக்கத் தொடங்கினார். மெதுவாகத்தான் படித்தார். நடுவில் இரண்டு முறை தும்மினார்.

ஹாரன் அடிக்கவில்லை. இன்ஜினை அணைத்துவிட்டு, அவர் முழுதாகப் படித்து முடிக்கும்வரை உள்ளே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.