வேர்க்கும் குழாய்

காலை அணிவகுப்பு கலைந்ததும் கிமோட்சுகி பாய்லர் அறை ஏணிக்குப் பக்கத்தில் நின்று, சுவரில் பதித்த பித்தளைத் தகட்டைக் கைக்குட்டையால் துடைக்கிறார். கப்பலைக் கட்டிய இங்கிலாந்துப் பட்டறையின் பெயர் அதில் இருக்கிறது. புதியவர்களுக்கு உரக்க வாசித்தும் காட்டுவார். ஆங்கில எழுத்து தெரிந்தவர்கள் சிரிப்பை அடக்கத் தலையைக் குனிந்துகொள்வார்கள்.

ஜப்பானின் சசேபோ துறைமுகத்தில் அவருக்கு ‘லண்டன் ஐயா’ என்று பெயர். எதிரியின் டார்பிடோ படகுகளைத் துரத்தி அழிக்கும் இந்த ஒல்லிக் கப்பலை தேம்ஸ் நதியிலிருந்து ஓட்டி வந்தவர்களில் அவரும் ஒருவர். இப்போது பாய்லர் அறைக்குத் தலைவர். வந்த நாள் முதல் ஊரார் தினமும் குடிக்கும் மிசோ சூப் அவருக்கு மட்டமாகிவிட்டது. கறுப்புத் தேநீரில் சர்க்கரையைக் கொட்டி, முகம் சுளிக்காமல் குடிக்கப் பாடுபடுவார். எதைக் காட்டினாலும் ஒரே பேச்சு: “லண்டன்ல இப்படிக் கெடையாது.”

கூடப் போய் வந்த சமையல்காரர் ட்சுனெடா சொல்வது வேறு. “நாலு மாசத்துல நாலு தெரு பாத்திருப்பாரு. மிச்ச நாளெல்லாம் வயித்தப் புடிச்சுக்கிட்டு படுக்கைதான். நான்தான் கஞ்சி வெச்சுக் குடுத்தேன்.”

போன மாதம், கரி தள்ளும் ஹிராசே அவரிடம் வந்தான்.

“ஐயா, மூணாவது குழாய்ல தண்ணி கசியுது. கழட்டிப் பாத்துடலாமா?”

“கசியலடா, வேர்க்குது. லண்டன் குழாய் அப்படித்தான் வேர்க்கும். வெள்ளைக்காரன் முடுக்குனதுல நீ கை வைக்கிறதா?”

மூன்றாம் நாள் முழு வேக ஓட்டத்தில் அந்தக் குழாய் வெடித்தது. அறை முழுக்க நீராவி. ஏணியில் முதலில் ஏறியவர் கிமோட்சுகி. ஹிராசே தரையோடு தரையாகத் தவழ்ந்துபோய் வால்வைத் திருகி நீராவியை அடைத்தான். உள்ளே மாட்டிய ஐந்து பேரும் பிழைத்தார்கள். அவனுடைய வலது கை முழங்கை வரை வெந்துபோயிற்று.

கப்பல் தலைவர் விசாரித்தபோது கிமோட்சுகி விறைப்பாக நின்று பதில் சொன்னார்: “கசியுதுன்னு ஒருத்தனும் எங்கிட்ட சொல்லலைங்க.”

மறுநாள் இரண்டு பேரிக்காய்களோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். கட்டிலோரம் உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினார்.

“நீ யார்கிட்டயும் எதுவும் சொல்லிக்கலையே?”

ஹிராசே கூரையையே பார்த்துக்கொண்டிருந்தான். “வேர்க்குதுன்னு நீங்க சொன்னதையா ஐயா?”

கிமோட்சுகி கத்தியை எடுத்து ஒரு பேரிக்காயைத் தோல் அறாமல் சீவினார். நான்காக நறுக்கினார். துறைமுகத்தில் அடிக்கும் காற்றைப் பற்றிப் பேசிக்கொண்டே நான்கு துண்டையும் தானே தின்று முடித்து, இரண்டாவதைக் கையில் எடுத்தார்.