பென்சில் புள்ளி வைத்த சிவப்பு உறை

அண்ணி ஒருநாளும் நான்கு மணிக்கு முன்னால் வேலையிலிருந்து திரும்பியதில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை பதினொன்றரைக்கே கதவு திறக்கும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். வாசலையொட்டிய பலகையில், ஷூவைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் அடையாள அட்டை இல்லை.

"என்ன அண்ணி, உடம்பு சரியில்லையா?"

"அட்டையைக் கழட்டி வாங்கிட்டாங்கடி."

"யாரு?"

"சூப்பர்வைசர். என்னைத் திருடின்னு சொல்றாங்க."

யாரோ தூரத்து உறவினரைப் பற்றிச் சொல்வது போல அதைச் சொன்னார். பிறகு கைப்பையிலிருந்து நான்காக மடித்த ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். "ஆபீஸ் பாஷையில எழுதியிருக்கு. நீதான் ரெண்டும் படிச்சவ. மெதுவாப் படி."

மெதுவாகத்தான் படித்தேன். வேகமாகப் படிக்க என் நாக்கும் ஒத்துழைக்கவில்லை. சிவப்பு உறைகளில் அனுப்பப்படும் வீடியோ கேம் டிஸ்க்குகள் அண்ணி வேலை செய்யும் தபால் பிரிக்கும் நிலையத்தில் தொடர்ந்து காணாமல் போவதாக, அவற்றை அனுப்பும் நிறுவனம் புகார் கொடுத்திருந்தது. பல உறைகளின் மூலையில் பென்சில் புள்ளி இருப்பதாகவும், திருடுவதற்கு வைத்த அடையாளமாக அது இருக்கலாம் என்றும் சொல்லியிருந்தது. புள்ளி வைத்த கை அண்ணியுடையது என்று கேமரா காட்டியது. வெள்ளிக்கிழமை விசாரணை. துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம். அதுவரை நிலையத்துக்குள் நுழையக் கூடாது.

"புள்ளி வச்சீங்களா அண்ணி?"

"வச்சேன்."

என் கையிலிருந்து கடிதம் நழுவிக் கீழே விழுந்தது. அதை எடுக்க இருவருமே குனியவில்லை.

அண்ணியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சோதித்துப் பார்க்காமல் அவர் எதையும் வாங்கியதில்லை. குடை வாங்கப் போனால், கடைக்குப் பின்னால் குழாய் இருக்கிறதா என்று கேட்பார். தலையணையைக் கடை மேசையிலேயே வைத்துப் படுத்துப் பார்த்திருக்கிறார். கல்யாணத்துக்கு முன்பு என் அண்ணனை பஸ் நிறுத்தத்தில் வேண்டுமென்றே முக்கால் மணி நேரம் காக்க வைத்துவிட்டு, எதிர்க்கடையில் நின்று அவன் முகத்தைக் கவனித்திருக்கிறார். "கோவப்படறாரான்னு பாத்தேன். கல்லு மாதிரி நின்னார். சரின்னுட்டேன்" என்பார். "கோவமில்ல, தூங்கிட்டேன்" என்பான் அண்ணன். வேலை செய்யுமிடத்தில் அண்ணிக்குச் 'சோதனை' என்றே பெயர்.

நிலையத்தில் அவருடையது கைப்பிரிப்பு மேசை. இயந்திரத்துக்குள் வளைந்து கொடுக்காத தபாலெல்லாம் அங்கேதான் வந்து விழும். பதினோரு வருடமாக அதே மேசை, அதே நாற்காலி. அந்த நாற்காலிக்கு மூன்றாவது முறையாக உறை தைத்துப் போட்டிருந்தார்.

வீட்டில் எங்கள் மூவருக்கும் ஒரு வீடியோ கேம் பெட்டி இருந்தது. அண்ணன் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். விளையாட்டில் கார் ஓட்டுவான், மோதுவான், சிரிப்பான். அண்ணிக்கோ எதையாவது கட்டி எழுப்பும் விளையாட்டுகள்தான் பிடிக்கும். இருந்த நான்கு டிஸ்க்கும் அலுத்துப்போனபோது, தபாலில் வாடகைக்கு அனுப்பும் சந்தா ஒன்றில் சேரலாம் என்று முடிவானது. வேண்டிய விளையாட்டுகளைப் பட்டியல் போட்டுக் கொடுத்தால் ஒரு டிஸ்க் வரும். எத்தனை நாள் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். அதே உறையைத் திருப்பி ஒட்டி அனுப்பினால் அடுத்தது வரும். இதில் இரண்டு நிறுவனங்கள் இருந்தன. ஒன்றுக்குச் சிவப்பு உறை, மற்றதற்கு நீல உறை. இரண்டின் நிபந்தனைகளையும் நான்தான் படித்துச் சொன்னேன். சந்தா ஒன்றுபோலத்தான் இருந்தது. வாக்குறுதியும் ஒன்றுதான்: கேட்ட அன்றே அனுப்பிவிடுவோம்.

"அன்னிக்கேவா?" என்றார் அண்ணி. "அதை நான் பாத்துக்கறேன்."

அவர் எப்படிப் பார்த்தார் என்பது அந்தச் செவ்வாய்க்கிழமைதான் எனக்குத் தெரிந்தது. இரண்டு நிறுவனங்களும் அனுப்பிய தேதியை உறை மேல் அச்சடிக்கின்றன. டிஸ்க் விறைப்பாக இருப்பதால் இரண்டு உறைகளும் கைப்பிரிப்பு மேசைக்குத்தான் வரும். அச்சடித்த தேதிக்கும், உறை தன் மேசைக்கு வந்த தேதிக்கும் எத்தனை நாள் இடைவெளி என்று மூன்று வாரம் குறித்திருக்கிறார். ஒரே உறை போகும்போது ஒருமுறை, திரும்பும்போது ஒருமுறை என்று இரண்டு தடவை மேசைக்கு வரும். இரண்டு தடவை எண்ணிவிடக் கூடாதே என்றுதான் மூலையில் ஒரு பென்சில் புள்ளி.

"நீலம் அன்னிக்கே வந்துச்சு, மிஞ்சினா மறுநாள். சிவப்பு மூணு நாள், நாலு நாள். தேதியை மட்டும் முன்னாடியே அடிச்சிடறாங்க. அதனாலதான் நீலத்தை எடுத்தோம்" என்றார்.

நீல உறை எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. அவ்வளவு சரியாக எப்படித் தேர்ந்தெடுத்தார் என்று அன்றுவரை யாரும் கேட்டதில்லை.

அண்ணன் வந்ததும் கடிதத்தைப் படித்துச் சொன்னேன். அவன் சுவரோரம் அப்படியே சரிந்து உட்கார்ந்தான்.

"ஒரு கேம் வாடகைக்கு எடுக்க இப்படியாடி?"

"குடையை நனைச்சுப் பாக்கலாம். இதை எப்படிப் பாக்கறது?"

"அந்த நோட்டு எங்க?"

அண்ணி அலமாரியிலிருந்து கையளவு நோட்டு ஒன்றை எடுத்து வந்தார். பெயரும் இல்லை, விலாசமும் இல்லை. தேதிகளும் கோடுகளும் மட்டும்.

"கிழிச்சுப் போட்டுடு" என்றான் அண்ணன். "தபால்ல பாத்த எதையும் குறிச்சு வைக்கக் கூடாதுன்னு உங்க விதியே இருக்கு. இதை நீட்டினா நீயே போய் மாட்டிக்கற மாதிரி."

"இதைக் கிழிச்சா புள்ளிக்கு என்ன காரணம் சொல்றது?"

அண்ணன் எழுந்து, கட்டிலுக்கு அடியிலிருந்த தன் கருவிப் பெட்டியை இழுத்தான். ஸ்பானர்களுக்கு அடியில் கையை விட்டு ஒரு சிவப்பு உறையை வெளியே எடுத்தான்.

அதன் மூலையில் ஒரு பென்சில் புள்ளி இருந்தது.

அண்ணி ஒரு அடி பின்னால் போனார். "இது எப்படி நம்ம வீட்டுக்கு வந்துச்சு?"

"தபால்லதான்."

"விளையாடாதீங்க. என் புள்ளி இது. என் மேசையில வச்சது. நீங்க... என்னங்க பண்ணீங்க?"

"கத்தாத, முழுசாக் கேளு. பாலம் கட்டி மேல லாரியை ஓட்டிப் பாக்கற கேம் ஒண்ணு வேணும்னு சொன்னல்ல? அது நீலத்துல இல்ல, சிவப்புல மட்டும்தான் இருந்துச்சு. நீ சோதனையை முடிக்கறதுக்குள்ள நான் கிழவனாயிடுவேன்னு, யாருக்கும் சொல்லாம என் பேர்ல சிவப்புலயும் சேந்துட்டேன். அடுத்த வாரம் கல்யாண நாளுக்குக் குடுக்கலாம்னு அப்பலேருந்து திருப்பி அனுப்பாம வச்சிருந்தேன்."

நாங்கள் நீலத்தில் சேர்வதற்கு முந்தைய மாதம் முழுக்கத் தபால் பெட்டியைத் தானே போய்த் திறக்க அவன் காட்டிய சுறுசுறுப்பு அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆனால் அதற்குச் சிரிக்க முடியவில்லை. திருட்டுப் பழி சுமந்தவரின் வீட்டில், பழிக்குரிய அடையாளத்தோடு, பழிக்குரிய பொருள். யார் நம்புவார்கள்?

"இதை எங்கயாவது தூக்கிப் போட்டுட்டு வரட்டுமா?" என்றான் அண்ணன்.

அண்ணி உறையை வாங்கினார். திருப்பினார். அண்ணன் பெயர், எங்கள் வீட்டு எண், எங்கள் தெரு. மறுபடி திருப்பிப் புள்ளியைப் பார்த்தார்.

"இது என் கை வழியா வந்திருக்கு" என்றார் கடைசியில். "உங்க பேரு போட்டிருக்கு. நான் பாக்கவே இல்ல."

"புருஷன் பேரே கண்ணுல படலையா? நல்லாருக்கு!"

"தேதியை மட்டும்தான் பாத்தேன்." பிறகு, தனக்குத்தானே பேசுவது போல, "புள்ளி வச்சது வந்து சேந்திருக்கு" என்றார்.

நோட்டையும் உறையையும் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினார். அண்ணன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை வரை அந்தப் பையைத் தொட எங்கள் இருவருக்குமே தைரியம் வரவில்லை.

விசாரணை நடந்த அறையில் ஜன்னல் இல்லை. நீள மேசையின் ஒரு பக்கம் விசாரணை அதிகாரியும் சூப்பர்வைசரும் உட்கார்ந்திருந்தார்கள். மறுபக்கம் சிவப்பு நிறுவனத்தின் ஆள். அவர் முன்னால் ரப்பர் போட்டுக் கட்டிய உறைக் கட்டுகள் இருந்தன. அவருக்கு எங்கள் மொழி தெரியாது, கடிதத்தின் மொழிதான். அதனால் இருபுறமும் சொல்லும் வேலை எனக்கு வந்தது. முதல் இரண்டு வாக்கியம் எனக்கே கேட்கவில்லை.

மூன்று வாரத்தில் நாற்பது டிஸ்க்குகள் போய்ச் சேரவில்லை என்றார் அவர். புள்ளி வைத்த உறைகள் அறுபத்தொன்று இருக்கின்றன என்று கட்டுகளை முன்னால் தள்ளினார்.

அதிகாரி அண்ணியைப் பார்த்தார். "புள்ளி நீங்க வச்சதுதானா?"

"ஆமா சார்."

"எதுக்கு?"

அண்ணி நோட்டை எடுத்து மேசையில் வைத்தார். சூப்பர்வைசர் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "ஐயோ, இது வேறயா? அம்மா, இதுக்கே தனியா நடவடிக்கை எடுக்கலாம் தெரியுமா?"

"தெரியும் சார். எடுங்க. ஆனா முழுசாச் சொல்லிடறேன்." அண்ணி கைகளை மேசைக்கு அடியில் மறைத்துக்கொண்டார். "அந்த மூணு வாரத்துல என் மேசைக்கு வந்த சிவப்பு அறுபத்திநாலு. ஒண்ணு விடாம புள்ளி வச்சேன். இவரை ஒண்ணு கேளுங்க, இந்த அறுபத்தொண்ணும் இவருக்கு எங்கிருந்து வந்துச்சாம்?"

நான் கேட்டேன். வாடிக்கையாளர்கள் விளையாடி முடித்துத் திருப்பி அனுப்பியவை என்றார் அவர்.

"அப்ப எல்லாம் போய்ச் சேந்திருக்கு" என்றார் அண்ணி. "சேந்ததாலதானே திரும்பி வந்துச்சு. காணாமப் போன உறையில புள்ளி இருந்துச்சுன்னு யார் சார் பாத்தது?"

இதை அவர் மொழியில் சொல்லி முடித்தபோது அந்த ஆள் கட்டுகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அதிகாரி சூப்பர்வைசர் பக்கம் திரும்பினார். "சிவப்பு உறை வேற மேசைக்குப் போகுமா?"

சூப்பர்வைசர் நெற்றியைத் தடவினார். "போகாது சார். அவங்க பை காலையில மட்டும்தான் வரும். நேரா இவங்க மேசைக்குத்தான். அந்த மூணு வாரம் இவங்க லீவும் போடல."

"இவங்க கணக்குப்படி அந்த நாப்பது மேசைக்கே வரல. நிலைய வாசலுக்காவது வந்துச்சா? பை வரவுப் பதிவேட்டை எடுங்க" என்றார் அதிகாரி. பிறகு அண்ணியிடம், "அறுபத்திநாலுன்னீங்க. இங்க அறுபத்தொண்ணு. மிச்சம் மூணு?"

நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். இன்னும் திருப்பி அனுப்பாமல் வைத்திருப்பார்கள் என்று சொல்லிவிட்டால் முடிந்துவிடும்.

அண்ணி பையைத் திறந்து சிவப்பு உறையை மேசையில் வைத்தார். "ரெண்டு தெரியாது சார். ஒண்ணு இதோ. என் வீட்டுல இருந்துச்சு."

சிவப்பு நிறுவனத்து ஆள் நாற்காலியில் நிமிர்ந்தார்.

"என் வீட்டுக்காரர் எனக்குத் தெரியாமச் சந்தா கட்டியிருக்கார். பேரு, விலாசம் எல்லாம் மேலயே இருக்கு. அவங்க லிஸ்ட்லயும் இருக்கும், பாக்கச் சொல்லுங்க. விலாசம் பாத்துத் திருடறவளா இருந்தா சார், என் வீட்டு விலாசமாவது என் கண்ணுல பட்டிருக்கும்ல?"

அந்த ஆள் தன் பட்டியலைப் புரட்டினார். விரல் ஓரிடத்தில் நின்றது. அண்ணன் பெயரைத் தப்பும் தவறுமாக உச்சரித்து, ஆமாம் என்று தலையசைத்தார்.

பதிவேடு வந்தது. அந்த மூன்று வாரமும் சிவப்பு நிறுவனம் கொண்டுவந்து போட்ட உறைகளின் எண்ணிக்கை ஒவ்வொரு பைக்கும் எதிரில் எழுதியிருந்தது. சூப்பர்வைசர் கூட்டினார். கூட்டிய தாளை அதிகாரியிடம் நீட்டும்போது அவர் அண்ணியின் முகத்தைப் பார்க்கவில்லை. அறுபத்திநாலு.

அனுப்பாத டிஸ்க்குக்கும் தேதி அடித்து, போய்ச் சேரவில்லை என்ற பழியைத் தபால்மேல் போட்டிருக்கிறார்கள். இதை மொழிபெயர்த்துச் சொல்லும்படி யாரும் என்னைக் கேட்கவில்லை. அந்த ஆளுக்கு எண்ணிக்கை புரிந்துவிட்டது. தன் அலுவலகத்தில் கேட்டுச் சொல்வதாக முனகிவிட்டு, கட்டுகளைக் கூட எடுக்காமல் வெளியேறினார்.

திருட்டுப் பழி அங்கேயே நீங்கியது. ஆனால் தபாலில் குறியிட்டதற்கும் குறிப்பெடுத்ததற்கும் எச்சரிக்கை எழுதினார்கள். கைப்பிரிப்பு மேசை போனது. திங்கள்கிழமையிலிருந்து பை கட்டும் பிரிவு. அங்கே உறைகள் கண்ணில் படாது. பணியின்போது பார்த்த எதையும் குறிக்கவோ வெளியே சொல்லவோ மாட்டேன் என்று எழுதித் தரச் சொன்னார்கள். அண்ணி எழுதிக் கையெழுத்துப் போட்டார். அட்டையைத் திரும்பக் கொடுத்தபோது, அதை மாட்டிக்கொள்ள அவரால் முடியவில்லை. விரல்கள் நாடாவில் சிக்கிக்கொண்டே இருந்தன. நான்தான் மாட்டிவிட்டேன்.

"என் நாற்காலி உறையை எடுத்துக்கலாமா சார்?" என்று சூப்பர்வைசரிடம் கேட்டார். அவர் தானே போய்க் கழற்றிக்கொண்டு வந்தார்.

நாங்கள் கதவருகே போனபோது அதிகாரி கூப்பிட்டார். கையிலிருந்த பேனாவை மூடுவதும் திறப்பதுமாக இருந்தார்.

"ஒரு நிமிஷம்மா. எங்க வீட்டுல பொண்ணு ரொம்ப நாளாக் கேக்கறா, இந்த வாடகை கேம். நீங்க பாத்ததுல எதை எடுக்கலாம்? சிவப்பு வேண்டாம்னு தெரியுது. நீலம் நம்பகமா?"

அண்ணி திரும்பி அவரைப் பார்த்தார். அந்த நான்கு நாட்களில் அவர் முகத்தில் எத்தனையோ பார்த்துவிட்டேன், இந்த அதிர்ச்சி புதிது.

"சொல்லக் கூடாதே சார்" என்றார். "இப்பதானே எழுதிக் கொடுத்தேன்."