திரும்பிப் பார்க்காத வரிசை

உடற்பயிற்சிக் கூடத்தில் பயிற்சி கொடுக்கிற அவளை எல்லோரும் விசில் என்றுதான் கூப்பிடுவோம். கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். கல்யாண வீட்டுக்கு வந்தாலும் கழற்றமாட்டாள். பக்கத்துச் சுகாதார நிலையத்தில் சர்க்கரை பார்க்கிற நர்ஸ் நான். என்னிடம் திட்டு வாங்கியவர்களை அவளிடம் அனுப்புவேன். அவள் அவர்களை ஓடவிட்டு, மிச்சத்தைத் திட்டுவாள். எங்கள் சிநேகம் இப்படித்தான் வளர்ந்தது.

அவளுடைய ஜனங்கள் மலையில் இருந்தவர்கள். அணை கட்டியபோது கீழே இறக்கி வரிசை வீடு கொடுத்தார்கள். நாளெல்லாம் ஏறி இறங்கிய கால்களுக்கு இங்கே வேலையில்லை. முப்பது வருஷத்தில் வீட்டுக்கு ஒருவருக்குச் சர்க்கரை. ஓடும் இயந்திரத்தில் ஏறச் சொன்னால், "போற எடம் இல்லாம எதுக்கும்மா நடக்கணும்?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

அதனால் விசில் அவர்களுடைய கைகோர்ப்பு ஆட்டத்தையே பயிற்சியாக்கினாள். ஒருவர் பாடிக்கொண்டே முன்னால் போவார். மற்றவர்கள் கைகோர்த்து, காலை ஓங்கி மிதித்துப் பின்னால் போவார்கள். ஒரு பாட்டு இருபது நிமிஷம். இரண்டே சட்டம்: பாட்டு முடியும்வரை கையை விடக் கூடாது, முன்னால் போகிறவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. சரிவான ஒற்றையடிப் பாதையில் அவர் திரும்பினால் பின்னால் வருகிற அத்தனை பேரும் தடுமாறுவார்கள். கூடத்தில் இருந்தது டைல்ஸ் தரை. சட்டம் மட்டும் மலையிலிருந்து அப்படியே இறங்கி வந்திருந்தது.

ஆறே மாதத்தில் பலருக்குச் சர்க்கரை இறங்கியது. வராதவர் அவளுடைய அண்ணன் ஒருத்தர்தான். பஸ் ஓட்டுநர். அவர்கள் அப்பா ஐம்பதைத் தாண்டவில்லை, அண்ணனுக்கு நாற்பத்தெட்டு. அது அவளை உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. நாற்பது வயதுத் தங்கையை அவர் இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்.

"விழாவுல மேடையேத்தி நம்மள ஆடவிட்டுக் கை தட்டுவாங்களே, அதே ஆட்டம்தானே? வெக்கமா இருக்கு பாப்பா."

"மேடையும் இல்ல, பாக்கறதுக்கு ஆளும் இல்லண்ணே. நீ வரலேன்னா உன்கூடப் பேசவே மாட்டேன்."

"இந்தத் தொப்பையோட ஸ்டீயரிங்க எப்படிண்ணே திருப்பறீங்க?" என்று நானும் என் பங்குக்குக் கிண்டலடித்தேன். வந்தார். முதல் மூன்று வாரம் பாதிப் பாட்டில் சேர்ந்துகொண்டார். நான்காவது வாரம், முழுப் பாட்டும் ஆடுகிறேன் என்றார்.

அன்று நிலையத்தில் குழந்தைகளுக்கு ஊசி போடும் நாள், நான் கூடத்தில் இல்லை. நடந்ததைப் பிறகு அவர் மனைவிதான் சொன்னார். பாடிக்கொண்டு முன்னால் விசில், வரிசையின் கடைசியில் அவர், அவர் கையைப் பிடித்து மனைவி. முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது அந்தக் கை வியர்த்துச் சில்லிட்டது.

"ஏங்க, விட்டுட்டு உக்காருங்க."

"முடியட்டும். நடுவுல விட்டா அவ மனசு ஒடஞ்சிரும்."

பாட்டு முடிந்தது. விசில் கைதட்டிக்கொண்டே, "எங்கண்ணன் முழுப் பாட்டும் ஆடிட்டாரு!" என்று கத்தியபடி திரும்பினாள். அவர் சுவரோரம் சரிந்து கிடந்தார். ஆள் வந்து சொல்ல, நான் ஓடிப்போய் நெஞ்சை அழுத்தினேன். கை ஓயும்வரை அழுத்தினேன். பிரயோசனமில்லை. இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை, கிண்டல் செய்து அனுப்பியவள் நானும்தானே.

மூன்று வாரம் கழித்து அவளை இழுத்துக்கொண்டு அண்ணி வீட்டுக்குப் போனேன். அதுவரை அவள் பாட்டைத் தொடவில்லை, சரியாகச் சாப்பிடவுமில்லை. அண்ணி துவைத்த காக்கிச் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார். எங்களை உட்காரச் சொன்னார். அவளைத் தேற்றத்தான் பேச ஆரம்பித்தார், பாவம்.

"மனசப் போட்டு ஒழப்பிக்காதம்மா. கடைசில பாப்பான்னு ஒரு தடவ கூப்பிட்டாரு. அந்தப் பாட்டுச் சத்தத்துல உனக்கு எங்க கேட்டிருக்கப் போவுது?"

நான் அவள் தொடையைக் கிள்ளினேன். ஆமாம் என்று பொய் சொல்லித் தொலையேன்டி என்று உள்ளுக்குள் கத்தினேன். அவளுக்குப் பொய் வராது.

"கேட்டுச்சு அண்ணி."

அண்ணியின் கை சட்டைமேல் அப்படியே நின்றது.

"திரும்பிடுவேனோன்னு பயந்து, இன்னும் சத்தமாப் பாடினேன்."