கமால் பாய் போட்ட சண்டைகள்

பழவேற்காட்டில் கருவாட்டு வியாபாரம் செய்த கமால் பாய்க்கு ஊசி என்றால் உயிரே போய்விடும். அறுபத்தெட்டாம் வருடம் பொன்னேரி டாக்டர் அவருடைய சிறுநீரை நீல மருந்தில் விட்டுச் சூடு காட்டினார். அது செங்கல் நிறமானது. சர்க்கரை ஏகத்துக்கு இருக்கிறதென்று அர்த்தம்.

“இனிப்பை விடுங்க. தினமும் காலையில வேகமா நடங்க. இல்லேன்னா ஆயுசுக்கும் ஊசிதான்.”

மறுநாளே பாய் கிளம்பிவிட்டார். ஆனால் எங்கள் தெரு முழுக்க அவருக்குச் சொந்தம். சொந்தக்காரர் வாசலைத் தாண்டினால் உள்ளே போய் டீ குடிக்க வேண்டும், மறுத்தால் அந்த வீட்டையே அவமதித்த மாதிரி. முதல் வீட்டிலேயே மச்சினி குல்சும் பிடித்துக்கொண்டாள்.

“இன்னா மச்சான், ஊட்டாண்ட வந்துட்டு குந்தாம போறீங்களே?”

“டாக்டரு நடக்கச் சொல்லிக்கீறாரும்மா.”

“நடங்க, யாரு வேணாங்கறாங்க? டீ குடிச்சிட்டு நடங்க.”

விருந்தாளிக்குச் சர்க்கரை போடாத டீ கொடுக்க எந்த வீட்டுக்கும் மனசு வரவில்லை. பாய் நடந்ததைவிடக் குடித்ததுதான் அதிகம்.

ஏரிக்கரைப் பக்கம் போய்ப் பார்த்தார். கருவாட்டு முதலாளி விடியற்காலையில் வேகமாக நடந்தால் யார்தான் சும்மா இருப்பார்கள்? மீனவன் நாகமுத்து கையிலிருந்த வலையைக் கீழே போட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடி வந்தான்.

“யாரு நைனா பூட்டாங்க?”

“யாரும் பூடலப்பா. ஒடம்புக்காக நடக்கறேன்.”

அவன் நம்பவில்லை. துக்கம் விசாரிக்க வீடுவரைக்கும் வந்தான்.

அப்புறம்தான் பாய்க்கு அந்த யோசனை உதித்தது. பேச்சுவார்த்தை இல்லாத வீட்டில் டீக்குக் கூப்பிட மாட்டார்கள்! குல்சும் வீட்டுப் பூனை கருவாடு திருடியது என்றார். தம்பி அப்துல் வாஹிதைத் தராசில் ஏய்க்கிறவன் என்றார். என்னிடமும் வம்புக்கு வந்தார். நான் ஒருநாளும் அவரை டீக்குக் கூப்பிட்டதில்லை, எனக்கெதற்கு வசவு?

தெருவே முகத்தைத் திருப்பிக்கொண்டது. பாய் ராஜா மாதிரி நடந்தார். பொன்னேரியில் மருந்து நீலமாகவே நின்றது, டாக்டர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

அந்தச் சமயம் பார்த்து மகள் கமர் நிஷாவுக்கு நிக்காஹ் நிச்சயமானது.

“வாப்பா, எல்லார்கிட்டயும் சண்டை போட்டுக்கினு கீறீங்களே. என் நிக்காஹ்வுக்கு யாரு வருவாங்க?”

அந்தப் பெண் அழுத அழுகையைக் கேட்டு எனக்கே பாயின்மேல் இருந்த கோபம் போய்விட்டது. பாய் சமாதானம் பேச வீடு வீடாக ஏறி இறங்கினார். சண்டை தீர்ந்தால் இரண்டு பேரும் ஒரே தட்டில் இனிப்பு சாப்பிட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். தட்டில் மிச்சம் வைத்தால் மனசிலும் மிச்சம் இருக்கிறதென்று கணக்கு. குல்சும் தேங்காய்ப் பாலும் முட்டையும் சேர்த்து வட்டலப்பம் செய்து வைத்திருந்தாள்.

“பூனை மேல போட்ட பழிக்கு இன்னும் ஒரு துண்டு, மச்சான்.”

நிக்காஹ்வுக்குத் தெருவே திரண்டு வந்தது. கமர் நிஷா சிரித்துக்கொண்டே புருஷன் வீட்டுக்குப் போனாள்.

அடுத்த வாரம் பொன்னேரியில் மருந்து மறுபடியும் செங்கல் நிறத்துக்கு வந்தது. டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை.

“நடக்கறதை விட்டுட்டீங்களா?”

“இல்லீங்க டாக்டரு. ஒரு ஊடு வுடாம நடந்தேன்” என்று சொல்லிவிட்டு, பாய் தானாகவே சட்டைக் கையை மடித்துவிட்டார்.