எதற்கென்று சொல்லாமல் கேட்ட மன்னிப்பு

கந்தூரிக்கு வந்தோமா, நெய்ச்சோறு தின்றோமா என்று இல்லாமல், தலையில் என்ன தழும்பு, என்ன தழும்பு என்று இப்படிக் குடைகிறீர்களே. அடுத்தவள் மண்டையை எட்டிப் பார்ப்பதில் அசலூர்க்காரிகளான உங்களுக்கு என்ன சுகமோ. சரி, உட்காருங்கள். அல்லாஹ், என் ரப்பு, எனக்குச் செய்த உதவியை மறைத்தால் அதுவும் ஒரு குற்றம். ஏற்கெனவே இருக்கிற குற்றமே எனக்குப் போதும்.

அறுபத்திரண்டாம் வருஷம். வலது காதுக்கு மேலே இரண்டு விரல் தள்ளி, புளியங்கொட்டை அளவில் ஒரு புண். சீப்புப் பட்டால் ரத்தம். கருஞ்சீரக எண்ணெய் வைத்தேன், ஆறவில்லை. முக்காடு இருக்கிற சௌகரியத்தில் ஐந்து மாதம் மறைத்தேன். தலையணையில் கறையைப் பார்த்துவிட்டு மகன் அறந்தாங்கிக்குக் கூட்டிப்போனான். அந்த டாக்டர் தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே இருந்த டாக்டர் புண்ணைத் தொட்டுப் பார்த்தார். ஒரு துண்டு சதையை அறுத்து மதராசுக்கு அனுப்ப வேண்டும், புற்றா இல்லையா என்று அங்கேதான் சொல்வார்கள் என்றார். அடுத்த திங்கட்கிழமை வரச் சொன்னார். அதுவரை எண்ணெய் வைக்கக் கூடாது, முதல் நாள் சீயக்காய் போட்டுத் தலையை அலசிவிட்டு வர வேண்டும் என்றார்.

புற்று என்ற சொல்லைக் கேட்டதும் என் வாய் அடங்கிப்போனது. கல்யாண வீடோ மவுத்து வீடோ, என் வாய் அடங்கி அதுவரை யாரும் பார்த்ததில்லை. தொழுகைப் பாயில் கையேந்தினேன். துஆ வரவில்லை. செய்தூனின் முகம்தான் வந்தது.

செய்தூன் கோட்டைப்பட்டினத்தில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருப்பவள். ஏழு வயதில் கொதிக்கிற கஞ்சி தலையில் கொட்டி, ஒரு பக்கம் முடியே முளைக்கவில்லை. கொட்டியபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். முடியில்லாத இடம் தெரியாமலிருக்க அவள் எந்நேரமும் முக்காட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டே இருப்பாள். எனக்குப் புண் வருவதற்குச் சில வருஷம் முன்பு ஒரு கல்யாண வீட்டில், பெண்கள் கூட்டத்தில், அவளைப் போல நான் நடித்துக் காட்டினேன். முக்காட்டைப் பிடித்தபடியே சோறு தின்பது, கொட்டாவி விடுவது, கொசு அடிப்பது. பந்தலே சிரித்தது. சிரிப்புக் கண்ட மயக்கத்தில், இது வம்சத்து வழுக்கை, மகளுக்கும் பேத்திக்கும் சீதனத்தோடு சேர்ந்து வரும் என்று வேறு சொல்லிவிட்டேன்.

சிரித்தவர்களில் இரண்டு பேர், செய்தூனின் மகள் ஜெய்னம்பைப் பெண் கேட்டிருந்த வீட்டுக்காரர்கள். மறுநாளே சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். நான் போய் உண்மையை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். போகவில்லை. நான்தான் பொய் சொன்னேன் என்று ஒத்துக்கொள்ள வெட்கம். அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதாகிவிட்டது. வீட்டோடு உட்கார்ந்து பாய் பின்னுகிறாள்.

எங்களில் ஒரு வழக்கம் உண்டு. ஹஜ்ஜுக்குப் போகிறவர்களும், உடம்பில் கத்தி வைத்துக்கொள்ளப் போகிறவர்களும் வீடு வீடாகப் போய், சொன்னது செய்தது இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்பார்கள். ஒரு மனிதருக்குச் செய்த குற்றத்தை அந்த மனிதர் பொறுக்காமல் அல்லாஹ் பொறுப்பதில்லை. கேட்டால் எல்லாரும் பொறுத்துக்கொண்டேன் என்றுதான் சொல்வார்கள். எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. அங்கேதான் என் கள்ளத்தனம். தெரு முழுக்கக் கேட்டுக்கொண்டே போய், நடுவில் செய்தூன் வீட்டையும் சேர்த்துக்கொண்டால், மற்றவர்களைப் போல அவளும் சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன்.

"சொன்னது செஞ்சது இருந்தா பொறுத்துக்க, செய்தூன்."

அவள் அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை. "எதுக்குன்னு சொல்லுங்க ராத்தா. தெரியாம எதப் பொறுக்குறது?"

"பொதுவாத்தான் புள்ள."

"பொதுவாப் பொறுக்குறதுக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்ல."

ஊரையே வாயால் ஆட்டி வைத்தவளுக்கு அங்கே வாய் திறக்கவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் நர்சம்மா உள்ளங்கை அளவுக்கு முடியை மழித்தாள். ஊசி போட்டார்கள். சுரீர் என்று இழுத்து, பிறகு அந்த இடமே மரக்கட்டை ஆகிவிட்டது. வலி இல்லை. ஆனால் துணி வெட்டுகிற மாதிரி ஒரு சத்தம் காதுக்குள் கேட்டது. சூடாக ரத்தம் கழுத்தில் இறங்கியது. மூன்று தையல். அப்போதுதான் கேட்டேன். ரப்பே, உயிரைக் கேட்க எனக்கு முகமில்லை. அவளிடம் சொல்கிற வாயை மட்டும் கொடு. வேறொன்றும் கேட்கவில்லை.

தையல் பிரிக்கிற வரைக்கும் தலையில் தண்ணீர் படக் கூடாது, அந்தப் பக்கம் படுக்கக் கூடாது. அரிப்பு வேறு; சொறிந்தால் மகன் திட்டுவான். நாலாம் நாள் பெரிய கட்டைப் பிரித்துச் சின்னதாக ஒட்டினார்கள். அன்றைக்குக் கிணற்றடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். யாரோ வருகிற சத்தம் கேட்டது. மழித்த இடம் தெரிந்துவிடுமோ என்று என் கை தானாகப் போய் முக்காட்டைப் பிடித்தது. என்னை யாரும் பார்த்துச் சிரிக்கவில்லை. அதற்கே எனக்கு உடம்பு கூசிப்போனது. பாத்திரத்தைப் போட்டுவிட்டு ஈரக் கையோடு செய்தூன் வீட்டுக்குப் போனேன். சொன்னேன். கொசு அடித்தது வரைக்கும் சொன்னேன். அந்த வாய் என்னுடையது இல்லை, கேட்டு வாங்கியது.

செய்தூன் சொன்னாள்: "எனக்குத் தெரியும் ராத்தா. ஒங்க வாயால வரட்டும்னுதான் இருந்தேன். நான் பொறுத்துக்கிட்டேன். அவகிட்டயும் கேளுங்க. போனது அவ வாழ்க்கைதானே."

ஜெய்னம்பு பாயிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எங்கிட்ட மட்டும் சொன்னா எப்புடி பெரியம்மா? அன்னைக்குச் சிரிச்சவங்ககிட்ட யாரு சொல்லுவா?"

பத்தாம் நாள் தஞ்சாவூரில் தையல் பிரித்தார்கள். மதராசிலிருந்து தாளும் வந்திருந்தது. புற்று இல்லை, மருந்து போட்டால் ஆறிவிடும் என்றார் டாக்டர். ஆறியும்விட்டது. அல்ஹம்துலில்லாஹ். நான் கேட்டது ஒன்று. கேட்க வாய் வராததையும் சேர்த்துக் கொடுத்தான். அதனால் சொல்கிறேன். எந்த முகத்தோடு அவனிடம் கேட்பது என்று ஒதுங்கி நிற்காதீர்கள். அந்த முகத்தையும் அவனிடமே கேளுங்கள், கொடுப்பான். ஆனால் வாங்கியதை வைத்துக்கொண்டு சும்மா உட்காராதீர்கள். ஜெய்னம்பு இன்னும் என்னைப் பொறுத்துக்கொண்டேன் என்று சொல்லவில்லை. அவளை அவசரப்படுத்த எனக்கு என்ன உரிமை? மனிதர்களை நடித்துக் காட்டுவதை அன்றோடு விட்டேன். இப்போது ஆட்டையும் கோழியையும்தான் நடிக்கிறேன். அவற்றுக்கு யாரும் சம்பந்தம் பேசி வருவதில்லை.

தையல் பிரித்து ஊருக்கு வந்த அன்று, பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் பக்கத்து வீட்டுப் பெண்கள் தழும்பைப் பார்க்கக் கூடிவிட்டார்கள். வீட்டுக்குள் கூட்டிப்போய் முக்காட்டை விலக்கிக் காட்டினேன். ஆசை தீரப் பார்த்தார்கள். பிறகு சொன்னேன்:

"என் தலையப் பாத்தாச்சுல்ல. இனி செய்தூன் தலையப் பத்திச் சொல்றேன், கேட்டுக்கங்க. அது வம்சத்து நோவு இல்ல. சின்னப் புள்ளையில கொதிகஞ்சி கொட்டுனது. கொட்டயில நான் பக்கத்துல நின்னேன். கல்யாண வீட்டுல நான் சொன்னது பொய்யி. அந்தப் பொய்க்குத்தான் நீங்க அம்புட்டுப் பேரும் சிரிச்சீங்க. ஒரு பொண்ணு வாழ்க்கைய நான் கெடுத்தேன். இத நாலு வீட்டுல போயி நீங்களும் சொல்லணும். நான் செத்தப்புறம் இல்ல, இன்னைக்கே."