பட்டாளத்துப் பெட்டியில் ஓர் அடுப்பங்கரை

பட்டாளத்தில் சமையல்காரராக இருந்து ஓய்வுபெற்ற சுந்தரபாண்டியம் வேல்பாண்டி, தன் பெயரும் நம்பரும் வெள்ளை பெயின்டில் எழுதிய டிரங்குப் பெட்டியை நிமிர்த்தி வைத்து, மகள் பவிஷாவுக்கு விளையாட்டு அடுப்பங்கரை செய்தார். சோடா மூடிகள் அடுப்பின் திருகுகளாயின.

மச்சான் கண்ணுச்சாமி உதட்டைப் பிதுக்கினார். "பட்டாளத்துப் பெட்டியில சட்டி பானையா, மாப்பிள? பேரையாவது அழிங்க."

வேல்பாண்டிக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "எதுக்கு அழிக்கணும்? துப்பாக்கி தூக்குனவன் அம்புட்டுப் பேரும் என் சோத்தைத் தின்னுட்டுத்தான் மச்சான் காவலுக்குப் போனான்!"

பேச்சை மாற்ற, கண்ணுச்சாமி மருமகளிடம் தட்டை நீட்டினார். "ஏட்டி, மாமாவுக்கு ஒரு தோசை."

பவிஷா கரண்டியால் மறித்தாள். "முன்னால பொம்மையெல்லாம் நிக்குதுல்லா? வரிசையில வாங்க மாமா!"

கண்ணுச்சாமி வரிசையின் கடைசிக்குப் போனார். பரிமாறியே பழகிய வேல்பாண்டி தானும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு, நெஞ்சு நிமிர அவருக்குப் பின்னால் நின்றார்.