ரிலீஸ் நோட்ஸ் படிக்கும் மனிதர்

மற்றவர்கள் ஆப் எழுதப் பயன்படுத்தும் எங்கள் மென்பொருள் லைப்ரரியில் பல பகுதிகள். எதில் என்ன மாறியது என்ற ரிலீஸ் நோட்ஸ் மூலைக்கொன்றாகக் கிடந்தது. நான் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் தொகுத்தேன்.

"யாரும் படிக்கறதில்ல, எடுத்துடலாம்" என்றது குழு. இன்று மாலை முடிவு.

காலையில் வாலாஜாபாத் பேருந்தில், பக்கத்து இருக்கைக்காரரின் போனில் அதே பக்கம்!

"இதையா படிக்கிறீங்க?"

"ஆமா சார். முகூர்த்த நேரத்துல, நான் எழுதுன எங்க பட்டுக்கடை ஆப் நின்னுபோச்சு. காரணம் தேடிக்கினு இருந்தேன். நல்லவேளை, எல்லாம் ஒரே எடத்துல இருக்குது."

கட்டிப்பிடிக்காத குறை. செல்ஃபி எடுத்துக் குழுவுக்கு அனுப்பினேன்.

பதில் வந்தது: "உங்க சொந்தக்காரரா?"

அந்தப் பக்கத்தைப் படிக்கும் மற்றவர்கள் மாலைக்குள் இந்தப் பதிவின் கீழே கை தூக்கவும். சொந்தக்காரர்கள் பெயரை மாற்றிக்கொண்டு தூக்கவும்.